குறுக்கே வெட்டிய துணியும் சொற்கோட்டமும்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் துணி எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போகிறவர்கள், ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைப்பதற்காகத் தையற்காரர் துணியின் மூலையிலிருந்து சாய்வாகப் பட்டைகள் வெட்டுவதைப் பார்த்திருப்பார்கள். அதற்குக் கடையில் 'கிராஸ் பீஸ்' என்று பெயர். நேராக வெட்டிய பட்டை கழுத்தின் வளைவில் சுருக்கம் விழுந்து நிற்கும். சாய்வாக வெட்டியது வளைவோடு வளைந்து படிந்துவிடும். காரணம் நெசவில் இருக்கிறது. பாவின் (நீளவாட்டு நூலின்) திசையிலோ ஊடையின் (குறுக்குவாட்டு நூலின்) திசையிலோ இழுத்தால் நூலே நீண்டாக வேண்டும்; பருத்தி நூல் அவ்வளவு எளிதில் நீளாது. 45 டிகிரி சாய்வில் இழுக்கும்போது நூல் நீள வேண்டிய தேவையே இல்லை; பாவும் ஊடையும் சந்திக்கும் செங்கோணம் குறுகி, நெசவின் நுண்ணிய சதுரங்கள் சாய்சதுரங்களாகிவிடுகின்றன. துணி அதே துணிதான், ஓர் இழைகூட அறவில்லை. வெட்டிய திசை மாறியதால் அது இழுத்த பக்கம் வருகிறது.

இந்தச் சாய்வு வெட்டுக்கு ஆங்கிலத்தில் 'பயஸ்' என்று பெயர். ஒருதலைப்பட்சமான பேச்சையும் எழுத்தையும் குறிக்க இன்று நம் காதில் விழுவதும் அதே சொல்தான். ('அவர் பயஸ்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டாலும், பயஸ் என்பது பெயர்ச்சொல், மனிதரையோ செய்தியையோ குறிக்கும்போது 'பயஸ்ட்' என்பதே சரியான வடிவம்.) பலர் இதைப் 'பொய்' என்பதற்கு ஈடாகக் கையாளுகிறார்கள். அப்படிக் கையாண்டால் சொல்லின் கூர்மை மழுங்கிவிடும் என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் சாய்வான ஒரு செய்தியில் உள்ள ஒவ்வொரு தகவலும் தனித்தனியே உண்மையாக இருக்க முடியும்.

சாய்வு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் இது ஆங்கிலத்துக்குள் வந்தது. புல்தரையில் பந்துருட்டி ஆடும் 'போல்ஸ்' என்ற விளையாட்டில் பந்தின் ஒரு பக்கத்தைக் கனமாகச் செய்யும் வழக்கம் இருந்தது. அந்தக் கனத்தையும், அதனால் பந்து ஒரு பக்கமாக வளைந்து ஓடுவதையும் பயஸ் என்றார்கள். வேகமாக உருளும்வரை பந்து ஏறத்தாழ நேராகவே போகும்; வேகம் தணியத் தணிய வளைவு கூடிக்கொண்டே வரும். மனத்தின் சாய்வைக் குறிக்கும் பொருளும் அதே நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்தது.

புள்ளியியலார் இச்சொல்லுக்குக் கொடுத்திருக்கும் பொருள் இன்னும் கறாரானது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இரண்டு தராசுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் முள் ஆடுகிறது. ஒரு கிலோ வஞ்சிரத்தை ஒரு முறை 980 கிராம் என்றும் மறுமுறை 1,020 கிராம் என்றும் காட்டுகிறது. மற்றொன்று ஆடாமல் அசையாமல் ஒவ்வொரு முறையும் 1,050 கிராம் காட்டுகிறது. முதல் தராசில் நூறு முறை நிறுத்துச் சராசரி எடுத்தால் உண்மையான எடைக்கு மிக அருகில் வந்துவிடலாம். இரண்டாவதில் ஆயிரம் முறை நிறுத்தாலும் அதே 50 கிராம் கூடுதல் நிற்கும். பார்வைக்கு நம்பகமாகத் தெரிவது இரண்டாவது தராசுதான். அந்த நிலையான பிழைக்குத்தான் பயஸ் என்று பெயர். ஒரே கோணத்தில் எழுதப்பட்ட பத்துச் செய்திகளைப் படித்தவர், ஒரு செய்தியைப் படித்தவரைவிட உண்மையை நெருங்கிவிடுவதில்லை என்பதற்குக் காரணமும் இதுதான்.

சொல் மட்டும் மாறினால் கேட்பவர் மனத்தில் எவ்வளவு மாறும் என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 1974இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 45 மாணவர்களுக்குக் கார் விபத்துகளைக் காட்டும் 7 படத்துண்டுகளைப் போட்டுக்காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள். கேள்வியின் வினைச்சொல் மட்டுமே குழுவுக்குக் குழு வேறுபட்டது. 'நொறுங்க மோதிக்கொண்டபோது' என்ற பொருளுடைய வினையைக் கேட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40 மைலுக்கு மேல் என்றார்கள். 'தொட்டுக்கொண்டபோது' என்பதற்கு நெருக்கமான வினையைக் கேட்டவர்கள் 31.8 மைல் என்றார்கள். அவர்கள் செய்த மற்றொரு சோதனையில், படம் பார்த்து ஒரு வாரம் கழிந்தபின் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்கப்பட்டது. படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆயினும் 'நொறுங்க' என்ற வினையைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'இடித்தபோது' என்று கேட்டிருந்த 50 பேரில் 7 பேரே அப்படிச் சொன்னார்கள். கேள்வியில் இருந்த சாய்வு நினைவுக்குள் புகுந்து, அங்கே இல்லாத கண்ணாடியை உடைத்திருந்தது.

வினைச்சொல்லின் இந்த வலிமையைத் தமிழில் இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டு, கரையெங்கும் எண்ணெய் படிந்தது. ஆட்கள் அதை வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, படகுகளிலும் வலைகளிலும் ஏறியது. இத்தகைய நிகழ்வை 'எண்ணெயைக் கலந்துவிட்டார்கள்', 'எண்ணெய் கலக்கப்பட்டது', 'எண்ணெய் கலந்தது' என்று மூன்று விதமாக எழுதலாம். முதல் வாக்கியத்தில் செய்தவர் நிற்கிறார். இரண்டாவதில் அவர் மறைந்திருந்தாலும் 'யாரால்?' என்று கேட்க இலக்கணம் இடம் வைத்திருக்கிறது. மூன்றாவதிலோ எண்ணெயே எழுவாயாகிவிடுவதால், மழை பெய்தது, காற்று வீசியது என்பதுபோல யாரும் செய்யாத ஒன்றாக நிகழ்வு தோன்றுகிறது. கேள்வி எழுவதற்கான இடமே அடைபட்டுவிடுகிறது. எப்படிக் கலந்தது என்று இன்னும் தெரியாத முதல் நாளில் மூன்றாவது வாக்கியம் நேர்மையானதுதான். காரணம் தெரிந்த பிறகும் அதுவே தொடர்ந்தால் அது சாய்வு.

பெயர்ச்சொற்களிலும் இதே வேலை நடக்கிறது. கால்வாய் ஓரத்தில் இரண்டு தலைமுறையாக அடுப்பு எரிந்த இடம், 'வீடு' என்று எழுதினால் ஒன்று, 'ஆக்கிரமிப்பு' என்று எழுதினால் வேறொன்று. வீட்டை இடித்தார்கள் என்று எழுத வேண்டியிருக்கும், ஆக்கிரமிப்பையோ அகற்றினாலே போதும். குடிசைப் பகுதிகளுக்காகத் தமிழ்நாடு அரசு 1970இல் தொடங்கிய வாரியத்தின் பழைய பெயர்கள் இரண்டையும் அருகருகே வைத்தாலும் இது விளங்கும். ஆங்கிலப் பெயருக்கு 'சேரி ஒழிப்பு' என்று பொருள். தமிழ்ப் பெயரோ 'குடிசை மாற்று வாரியம்'. முன்னது இடத்தைத் துடைக்கிறது, பின்னது குடிசைக்குப் பதிலாக வேறொன்றைத் தருவதாக வாக்களிக்கிறது. 2021இல் பெயர் 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் வாழ்பவர்களுக்கு இவை வெறும் பெயர்ப்பலகைச் சொற்கள் அல்ல. அவர்களை ஊர் எப்படிப் பார்க்கிறது என்பதைத் தீர்மானிக்கும் சொற்கள்.

பயஸ் என்பதற்குச் சார்பு, பக்கச்சார்பு, ஒருதலைப்பட்சம் என்றெல்லாம் தமிழில் எழுதுகிறோம். 'ஓரம் சொல்லேல்' (ஒரு பக்கம் சாய்ந்து பேசாதே) என்றே ஆத்திசூடி முடிகிறது. ஆனால் மொழியில் நிகழும் சாய்வுக்கு மிகப் பொருத்தமான சொல் 119ஆம் குறளில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது 'சொற்கோட்டம்'. கோட்டம் என்றால் வளைவு, கோணல். புல்தரையில் பந்து ஓடும் பாதைக்கும் குறுக்கே வெட்டிய துணிக்கும் அது அப்படியே பொருந்துகிறது. அதே குறள் மனத்தின் வளைவை 'உட்கோட்டம்' என்று தனியே பிரிக்கிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால், ஒரு வாக்கியம் கோணலாக இருக்கிறது என்று சுட்டும்போதெல்லாம் எழுதியவரின் மனத்தையே குற்றம் சாட்டுவதாக ஆகிவிடுகிறது. உட்கோட்டத்தை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. சொற்கோட்டத்தையோ வாக்கியத்தை முன்னால் வைத்து, வினை எது, எழுவாய் எது, விடுபட்டவர் யார் என்று விரல் வைத்துக் காட்டலாம்.