காப்பாட்சியர் எதைக் காக்கிறார்?

அழைப்பிதழ் வாட்ஸப்பில் வந்தது. பல்கலைக்கழக வளாகத்துக் கலைக்கூடத்தில் பத்து நாள் கண்காட்சி. தாமிரபரணிக் கரைக் கைவினைகளும் மாணவர் ஓவியங்களும். கண்காட்சியை அமைத்த முதுகலை மாணவியின் பெயருக்குக் கீழே 'காப்பாட்சியர்' என்று இருந்தது. வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸில் இடம் போதவில்லை போல, அது 'காப்பாளர்' என்று சுருங்கியிருந்தது. வீரவநல்லூரிலிருந்து வந்திருந்த அந்தப் பெண்ணின் அம்மா ஃப்ளெக்ஸை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்: "அண்ணாச்சி, எம் புள்ள படிக்கத்தான வந்தா? ஆஸ்டல் வார்டன்னுல்லா போட்டிருக்கு?"

அவர் மேல் தப்பே இல்லை. எந்தக் கல்லூரியில் போய்க் கேட்டாலும் காப்பாளர் என்றால் விடுதிக் காப்பாளர்தான். ராத்திரி எட்டரைக்கு வருகைப்பதிவு எடுக்கிறவர்.

அச்சகத்தில் முப்பது வருஷம் மெய்ப்புப் பார்த்தவன் நான். இப்போது அந்தக் கலைக்கூடத்துக் குறிப்பட்டைகளுக்கும் பார்த்துக் கொடுக்கிறேன். கண்காட்சியை அமைக்கிறவரைக் குறிக்கும் 'கியூரேட்டர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் காப்பாட்சியர் என்று போடாதீர்கள் என்று இந்த ஆண்டு சொல்வது மூன்றாவது தடவை. வாயால் சொன்னது போதும், எழுதியே வைத்துவிடுகிறேன்.

மூலத்தை முதலில் முடித்துவிடலாம். லத்தீனில் 'குரா' என்றால் கவனிப்பு, அக்கறை. அதிலிருந்து 'குராத்தோர்'. ரோமில் சாலைக்கு ஒரு குராத்தோர், குடிநீர்க் கால்வாய்க்கு ஒரு குராத்தோர் இருந்தார்கள், நம் பக்கத்தில் மடை பார்க்க ஆள் இருப்பதுபோல. நோய் தீர்ப்பதற்கான 'கியூர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். அதனால்தான் ஒரு மொழிபெயர்ப்பில் 'குணப்படுத்தப்பட்ட ஓவியங்கள்' என்று நானே பார்த்தேன். ஓவியங்களுக்கு என்ன காய்ச்சலோ. 1662இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் ராபர்ட் ஹூக்கைச் 'சோதனைகளின் கியூரேட்டர்' ஆக்கியது. கூட்டத்துக்குக் கூட்டம் மூன்று நான்கு சோதனைகளைத் தேர்ந்து, ஆயத்தம் செய்து, உறுப்பினர் கண்முன் நடத்திக் காட்டுவது அவர் வேலை. எதையும் பூட்டி வைப்பதல்ல, காட்டுவது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி காப்பாட்சியருக்கு வருவோம். தமிழக அரசின் அருங்காட்சியகத் துறையில் இது ஒரு பதவியின் பெயர். அங்கே அது பொருந்துகிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் இருப்பவை காக்க வேண்டிய பொருள்கள். ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். முதுமக்கள் தாழிகள், இரும்பு, வெண்கலம், நெற்றியில் கட்டும் பொற்பட்டங்கள் எல்லாம் வந்தன. இப்படிப்பட்டவற்றை ஈரத்திலிருந்தும் துருவிலிருந்தும் திருட்டிலிருந்தும் காப்பதே பாதி வேலை. அங்கே இருப்பவரைக் காப்பாட்சியர் என்றால் சொல்லும் பொருளும் ஒட்டுகின்றன.

வளாகக் கலைக்கூடத்தில் காக்க என்ன இருக்கிறது? சொந்தமாக ஒரு சித்திரம்கூட இல்லை. வருகிற படங்கள் பத்து நாள் தொங்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடும். மிஞ்சுவது ஆணி ஓட்டை. ஒரு பருவத்துக்கு இரண்டு மூன்று கண்காட்சி: ஒன்று மாணவருடையது, ஒன்று வெளி ஓவியருடையது, ஒன்று ஏதாவது துறையோடு சேர்ந்து. தேதி பிடிக்க வேண்டும், தேர்வு நாளில் மோதக் கூடாது, படங்களைக் கேட்டு வாங்க வேண்டும், வாங்கியதற்கு ரசீது எழுத வேண்டும், சுவருக்கு வெள்ளையடிக்க நிதி அலுவலரிடம் நடக்க வேண்டும். இதில் காப்பும் இல்லை, ஆட்சியும் இல்லை.

அந்த 'ஆட்சியர்' வேறு. நம் காதில் ஆட்சியர் என்றால் நெல்லைக் கொக்கிரகுளத்தில் உட்கார்ந்திருக்கும் மாவட்ட ஆட்சியர்தான். திங்கட்கிழமை மனு வாங்குகிறவர். படம் மாட்டுகிற பிள்ளைக்கு அந்தச் சப்பரம் எதற்கு? முன்பாதியும் சும்மா இல்லை. கோயில் கொடைக்குக் கையில் காப்புக் கட்டுவார்கள், நூல் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் வரும், போலீஸ்காரர் மாட்டுவதும் காப்புதான். இத்தனையும் ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டில் புதிதாக ஒருவரைக் கொண்டு வைத்தால் அவருக்குப் பாய் போட இடம் ஏது?

சரி, மாற்றாக வருபவை யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. 'ஒருங்கிணைப்பாளர்' என்கிறார்கள். வளாகத்தில் ரத்ததான முகாமுக்கும் அவர்தான், யோகா தினத்துக்கும் அவர்தான். 'நெறியாளர்' என்றால் முனைவர் பட்ட ஆய்வேட்டில் கையெழுத்துப் போடுகிறவர். சொல்லை அப்படியே 'கியூரேட்டர்' என்று வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு கட்சி. நானும் கேலரியை, ஃப்ளெக்ஸை எல்லாம் ஏற்றுக்கொண்டவன்தான், தூய்மை வெறி எனக்கில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பையனிடம் கியூரேட்டர் என்று சொல்லிப் பாருங்கள். சங்கர் நகர் மைதானத்தில் டிஎன்பிஎல் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ரோலர் உருட்டி ஆடுகளம் தயார் செய்கிறவரைத்தான் காட்டுவான். போதாததற்கு இப்போது ஜவுளிக்கடை விளம்பரத்தில் சேலை 'கியூரேட்டட்', ஓட்டல் பட்டியலில் இட்லி 'கியூரேட்டட்'. இருக்கிறதில் நாலை எடுத்து முன்னால் வைத்தால் அதற்கு இந்தப் பேர்.

அந்த மாணவி என்னதான் செய்தாள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கோரைப் புல்லில் நெய்த பத்தமடைப் பட்டுப்பாய் ஒன்று வந்திருந்தது, பழைய முறையில் சப்பாங்கு மரத்துச் சாயம் ஏற்றியது. உதவிக்கு வந்தவர் நாலு மூலையிலும் ஆணி அடிக்கச் சுத்தியலோடு நின்றார். அவள் விடவில்லை. மேல் ஓரத்தின் பின்பக்கம் ஒரு துணிப்பட்டையைக் குழல்போலத் தைத்து, அதற்குள் மூங்கில் கம்பைச் செருகிக் கம்பைத் தொங்கவிட்டாள். பாயின் கனம் ஓரம் முழுக்கப் பரவியது, ஒரு கோரை முறியவில்லை. சப்பாங்குச் சிவப்பு வெயிலில் வெளுத்துப்போகும் என்று மேற்கு ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினாள். ஓவியங்களை முதலில் நடுமட்டம் தரையிலிருந்து ஐந்தடி இருக்கும்படி மாட்டினாள், நிற்கிறவர் கண் அங்கேதான் விழும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு சுவரை மட்டும் நாலடிக்கு இறக்கினாள்.

இவ்வளவும் கைவேலை. மூளை வேலை எங்கே தெரிந்தது என்றால் வரிசையில். ஆற்றை வரைந்த மாணவரின் நீர்வண்ணப் படம் முதலில். அதற்கு அடுத்து ஒரு கட்டுப் பச்சைக் கோரை, தரையில். அதற்கு அப்பால் பாய். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமலே ஆறு புல்லாகி, புல் பாயாகிவிட்டது. பாயை வாசல்பக்கம் வைத்திருந்தால் அது கைவினைக் கடை.

வந்ததை எடுத்து, வேண்டாததை ஒதுக்கி, எது எதற்குப் பக்கத்தில் என்று முடிவு செய்கிற இந்த வேலைக்குத் தமிழில் சொல் இல்லையா? அகநானூற்றைத் திறந்து பாருங்கள். நானூறு பாட்டில் ஒற்றைப்படை எண் எல்லாம் பாலைத் திணை. இரண்டிலும் எட்டிலும் முடிகிற எண் குறிஞ்சி, நான்கில் முடிவது முல்லை, ஆறில் முடிவது மருதம், பத்தின் மடங்கு நெய்தல். பாட்டு வெவ்வேறு புலவர்களுடையது; வரிசை ஒருவருடையது. உப்பூரிகுடி கிழான் மகன் உருத்திரசன்மன் என்று பெயரோடு குறித்து வைத்திருக்கிறார்கள். அவர் காத்தார் என்றோ ஆண்டார் என்றோ குறிப்பில்லை. 'தொகுத்தான்' என்று இருக்கிறது. இந்த வேலையைச் செய்ய வைத்த பாண்டியன் உக்கிரப்பெருவழுதிக்குத் தனிச் சொல்: 'தொகுப்பித்தான்'. ஐங்குறுநூற்றிலும் அப்படியே, கூடலூர் கிழார் தொகுத்தவர், சேரமன்னன் தொகுப்பித்தவன். நம்மவர்கள் இரண்டு பேருக்கும் இரண்டு வினை வைத்திருக்க, நாம் ஒருத்திக்கு ஒரு பெயர் தேடித் தெருத்தெருவாக அலைகிறோம்.

ஆகவே என் தீர்ப்பு 'காட்சித் தொகுப்பாளர்'. உடனே ஒரு பேராசிரியர் மறித்தார்: "தொகுப்பாளர்னா டிவியில மைக்கப் பிடிச்சுட்டு நிக்குத ஆளுல்லா வே?" உண்மைதான். ஆனால் அந்த ஆள் எதைத் தொகுக்கிறார்? எழுதிக்கொடுத்ததை வாசிக்கிறார். தப்பான கைக்குப் போன சொல் அது. 'காட்சி' என்று முன்னால் ஒரு அடையைப் போட்டால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். காப்பாளரை விடுதியிலிருந்து கிளப்புவதைவிட இது லேசு.

இன்னொன்று. கலைக்கூடத்தில் வருகிறவர்களுக்குப் படத்தை விளக்க நிற்கிற பிள்ளைகளுக்கு 'தன்னார்வ வழிகாட்டி' என்று அட்டை அடித்திருந்தார்கள். பரிபாடலில் திருப்பரங்குன்றத்து 'எழுத்துநிலை மண்டபம்' வருகிறது. சுவர் நிறையச் சித்திரம், பார்க்க வந்த கூட்டம். இவள் யார், இவன் யார் என்று ஒருவர் கேட்க, இவள் ரதி, இவன் காமன் என்று இன்னொருவர் சொல்கிறார். இது அகலிகை, அது கௌதமன் என்று மற்றொருவர் விளக்குகிறார். பதில் சொல்கிறவருக்குப் புலவர் வைத்த பெயர் 'வினா இறுப்போர்'. அந்தப் பெயரையே அட்டையில் போடச் சொல்லவில்லை, பிள்ளைகள் பயந்துவிடும். ஆனால் நடராசரையே ஓவியமாக எழுதிக் கும்பிடுகிற குற்றாலத்துச் சித்திரசபை ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற ஊரில், படம் பார்ப்பதற்கான சொற்களை நாம் இறக்குமதி செய்துதான் தீர வேண்டும் என்பது என்ன கட்டாயமோ.

அடுத்த கண்காட்சியின் பெயர்ப்பலகைக்கு நானே எழுதிக் கொடுத்தேன். 'தொகுத்தவர்' என்று மாணவியின் பெயர். 'தொகுப்பித்தோர்' என்று வளாக நிர்வாகம். பலகை அடிக்கிற கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொகுப்பித்தோர்னா நன்கொடை கொடுத்தவங்களா, அண்ணாச்சி?"

"ஆமா, கிட்டத்தட்ட."

"அப்ப பில்லு அவங்க பேருக்கே போட்டுருதேன்."