மலையில் மரம் வெட்டுகிறார்களா? முதலில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், மலைக் கிராமத்துக்காரர். ஊருக்கு மேலே இருந்த காட்டில் ஈட்டியும் வேங்கையும் சாய்ந்ததைப் பார்த்த மறுநாளே மனு எழுதிக் கொடுத்தார். வனத்துறையில் "அது பட்டா நிலம், தாசில்தாரைப் பாருங்க" என்றார்கள். தாலுகா ஆபீஸில் "மரம் வனத்துறை விஷயம், ரேஞ்சரைப் பாருங்க" என்றார்கள். காவல் நிலையத்தில் "ரெண்டு பேர்கிட்டயும் கடிதம் வாங்கிட்டு வாங்க" என்றார்கள். இப்படி ஒன்பது மாதம் போனது. கடைசியில் ஒரு வழக்கறிஞரிடம் போய் உட்கார்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "மரம் வெட்டின தேதி என்ன?" பெரியவர் சொன்னார். "ஆறு மாசத்துக்குள்ள வந்திருக்கணுமே ஐயா" என்றார் வழக்கறிஞர்.

அந்த ஆறு மாதத்தைப் பற்றி அவரை அலையவிட்ட ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில் சொந்தப் பட்டாவில் நிற்கும் மரத்தை வெட்டவும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் காட்டை வேறு எதற்கும் மாற்றக்கூடாது. 2023-இல் இதற்கு வாயில் நுழையாத ஒரு இந்திப் பெயர் வைத்தார்கள், ஆபீஸ்களில் இன்னும் எஃப்.சி. ஆக்ட் என்றுதான் சொல்கிறார்கள்.

இனி அந்த "பட்டா நிலம்" பதிலுக்கு வருவோம். நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடுகள் அழிவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அகராதி எதைக் காடு என்கிறதோ அது காடு, நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி. தமிழ்நாட்டைப் பற்றிய பகுதியில், ஜமீன் போல ஜன்மிகள் வைத்திருந்த ஜன்ம நிலங்களையும் சேர்த்தே மரம் வெட்டத் தடை போட்டது. 2023 திருத்தத்துக்குப் பிறகு இந்த விளக்கம் போய்விட்டது என்று சிலர் சொல்வார்கள். மாநிலங்களின் காட்டுக் கணக்கு முடியும்வரை பழைய விளக்கத்தையே பின்பற்றும்படி 2024 பிப்ரவரி 19 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. ஆகவே பட்டா என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அதையே எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

சரி, அந்த ஆறு மாதம் எங்கிருந்து வருகிறது? சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சட்டத்தில், 14-ஆம் பிரிவிலிருந்து. பிரச்சினை முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கலாம், அதற்கு மேல் இல்லை. "முதன்முதலில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நீங்கள் ஆபீஸில் மனு கொடுத்த தேதி, அவர்கள் பதில் போட்ட தேதி, இதையெல்லாம் அந்தக் கெடு பார்க்காது. ஆபீஸ் ஆபீஸாக அலையும் நாளும் அதில்தான் கழிகிறது.

நாள் தாண்டிவிட்டதா? 15-ஆம் பிரிவு இருக்கிறது. பாழான இடத்தைப் பழையபடி மீட்டுத் தரவும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும் கேட்க ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. அந்தப் பெரியவருக்கு இது தெரியவந்தபோது அவர் பாதி சோர்ந்துவிட்டிருந்தார்.

இன்னொரு பொறி. தீர்ப்பாயத்தின் அட்டவணையில் ஏழு சட்டங்கள்தான். வனப் பாதுகாப்புச் சட்டம் அதில் இருக்கிறது. 1955 மலைப்பகுதிச் சட்டமோ வன உயிரினச் சட்டமோ அதில் இல்லை. "அனுமதி இல்லாமல் மரம் வெட்டினார்கள்" என்று மட்டும் எழுதினால் மனு வாசலிலேயே நின்றுவிடும். அந்த இடம் காடு, அங்கே வனப் பாதுகாப்புச் சட்டம் மீறப்பட்டது என்று எழுத வேண்டும். 1955 சட்ட மீறல் மட்டும்தான் என்றால் உயர் நீதிமன்றம்தான் வழி.

இடம் காடுதான் என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. சர்வே எண்ணைக் கண்டுபிடித்து இணையத்தில் அ-பதிவேடு, அதாவது நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு, எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வெட்டிய அடிக்கட்டைகள். அளவு நாடா வைத்துச் சுற்றளவு தெரியும்படி, இடமும் தேதியும் பதிவாகும் கேமரா செயலியில் படம் எடுங்கள். தள்ளிப் போடாதீர்கள். கட்டையை எரிப்பார்கள், மண்ணைப் போட்டு மூடுவார்கள். வெட்டு பெரும்பாலும் சனி ராத்திரியிலும் தொடர் விடுமுறையிலும்தான் நடக்கும், ஆபீஸ் திறப்பதற்குள் லாரி மலை இறங்கியிருக்கும். ஆனால் வேலி தாண்டி உள்ளே போகாதீர்கள், லாரியை மறிக்காதீர்கள். அத்துமீறினார் என்று உங்கள் மேல்தான் முதல் வழக்கு வரும்.

கேட்டால் ஒரு அனுமதிக் காகிதத்தை நீட்டுவார்கள். அதைப் பார்த்ததும் பின்வாங்க வேண்டாம், வரி வரியாகப் படியுங்கள். எஸ்டேட்டில் நட்டு வளர்த்த சில்வர் ஓக்குக்கு வாங்கிய அனுமதியில் நாட்டு மரமும் சேர்ந்து போகும். 1996 உத்தரவின்படி தோட்டங்களில் நிழல் மரம் வெட்டுவது நட்ட மரங்களுக்கு மட்டும்தான், தானாக முளைத்து வளர்ந்தவற்றுக்கு இல்லை. வீட்டின் மேல் விழும் ஆபத்தான மரம் என்று நாலு மரத்துக்கு வாங்கிய அனுமதியில் நாற்பது சாய்வதும் உண்டு. காகிதத்தில் எந்த இனம், எத்தனை மரம், எந்த சர்வே எண், எந்தத் தேதி வரை என்று பாருங்கள். எங்காவது ஒன்று இடிக்கும்.

காகிதத்தைக் காட்டவே மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அனுமதி ஆணை, இனவாரி மரப் பட்டியல், மரம் கொண்டுபோக வழங்கிய வழிச்சீட்டு, வழக்குப் பதிந்திருந்தால் அதன் எண், இவற்றின் நகல் கேளுங்கள். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். பதிலுக்கு 30 நாள், வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு 45 நாள் வரை. அதிலேயே 75 நாள் போய்விடுகிறது. எனவே அதிகாரிகளுக்கான மனுவையும் தகவல் கேட்பையும் ஒரே வாரத்தில் போடுங்கள், ஒன்று முடிந்த பிறகு மற்றது என்று காத்திருக்க வேண்டாம்.

மனுவை வனத்துறை, கோட்டாட்சியர், ஆட்சியர் மூவருக்கும் ஒரே கடிதமாக, ஒவ்வொருவர் பெயரும் தெரியும்படி, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள். யாரும் மற்றவர் பக்கம் கைகாட்ட முடியாது. திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கும் போகலாம், முதல்வர் உதவி எண் 1100-க்கும் போன் செய்யலாம். ஆனால் "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று வரும் குறுஞ்செய்தியை நடவடிக்கை என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த உரிய அலுவலர்தான் உங்களை முதலில் திருப்பி அனுப்பியவர்.

வனத்துறையில் வழக்கு போட்டுவிட்டோம் என்று சொன்னால், யார் மேல் என்று கேளுங்கள். மெஷின் வாள் பிடித்த கூலிக்காரர்கள் பெயர் இருக்கும், காண்டிராக்டர் பெயர் இருக்காது. அபராதம் கட்டி முடித்தாயிற்று என்றால், எத்தனை மரத்துக்குக் கட்டினார்கள் என்று கேட்டு, நீங்கள் எண்ணிய கட்டைகளோடு ஒப்பிடுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் செக்ஷன் 17 நிலத்தில், அதாவது உரிமை இன்னும் முடிவாகாத ஜன்ம நிலத்தில், வீடு வைத்திருப்பவர்கள் தனியாகக் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். அடுத்து தங்கள் வீட்டைக் கேட்பார்களோ என்ற பயம்தான், அதில் நியாயம் இருக்கிறது. பழங்குடிக் கிராமமாக இருந்தால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவைச் சொல்லி, காட்டைக் காக்கும் அதிகாரம் உள்ள கிராம சபையின் பெயரில் தீர்மானமாக அனுப்புங்கள். தனி ஆள் யாரும் மாட்ட மாட்டார்.

தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில், சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம். விசாரணை ஆங்கிலத்தில்தான் நடக்கும், தமிழ்க் காகிதங்களுக்கு மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும், அதற்கும் நாள் பிடிக்கும். அதனால் ஐந்தாவது மாதம் முடிவதற்குள் கட்டு தயாராகட்டும்.