கடலில் எழுப்பிய நிலத்தில் வீடு வாங்குமுன்

கடலோரக் கட்டுமானங்களுக்கு மண் ஆய்வு செய்வது என் தொழில். செயற்கைத் தீவுகளில் மாளிகையோ அடுக்ககமோ விடுதிப் பங்கோ வாங்க நினைப்பவர்கள் விற்பனைக் கையேட்டுடன் ஆலோசனைக்கு வருவதுண்டு. கடற்கரை எவ்வளவு தூரம், படகு நிறுத்த இடம் உண்டா, எந்தத் தளத்திலிருந்து கடல் நன்றாகத் தெரியும் என்பதையெல்லாம் விசாரித்து வைத்திருக்கும் அவர்களிடம், அந்த நிலம் இதுவரை எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது, இனி எவ்வளவு அமிழும் என்று கேட்டால் பதில் இருப்பதில்லை. கையேட்டில் இல்லாததை அவர்கள் எப்படி அறிவார்கள்? ஆனால் கடலில் மணல் கொட்டி எழுப்பிய நிலத்தை வாங்குபவர், அதைக் கடலிடமிருந்து காத்துக்கொண்டே இருக்க வேண்டிய பொறுப்பில் ஒரு பங்கையும் சேர்த்தே வாங்குகிறார்.

துபாயில் 2001இல் தொடங்கப்பட்ட பாம் ஜுமேரா என்ற செயற்கைத் தீவுக்கு ஏறத்தாழ 9.4 கோடி கன மீட்டர் மணலும் 70 லட்சம் டன் பாறையும் தேவைப்பட்டன. பாலைவனத்தை ஒட்டிய நகரத்தில் மணலுக்கு என்ன குறை என்று தோன்றலாம். காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பாகிப்போன பாலைவன மணல் ஒன்றோடொன்று பிடித்து நிற்காது என்பதால், கடலடி மணலையே உறிஞ்சியெடுத்து, செயற்கைக்கோள் வழிகாட்டலுடன் உரிய இடத்தில் கப்பலிலிருந்து பீய்ச்சினார்கள். அப்படிக் கொட்டிய மணல் தளர்வாகவே கிடக்கும். நிலநடுக்கம் வந்தால், நீரில் ஊறிய அந்தத் தளர்ந்த மணல் தாங்கும் வலுவை இழந்து குழம்புபோல் இளகிவிடக்கூடும். அதனால் அதிர்வுக் கருவிகளை ஆழத்தில் இறக்கி அதை இறுக்கிய பிறகே கட்டடங்கள் எழுந்தன.

மேலே கொட்டும் மணலை இறுக்கிவிடலாம். அடியில் இருக்கும் மண்தான் எங்களுக்குப் பெரிய கவலை. கடற்படுகை மணலாகவோ பாறையாகவோ இருந்தால் அமிழ்வின் பெரும்பகுதி விரைவிலேயே முடிந்துவிடும். மென்களிமண்ணாக இருந்தால், மேலே ஏற்றிய பாரத்தால் அதிலுள்ள நீர் பல பத்தாண்டுகளுக்குக் கசிந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். நீர் வெளியேற வெளியேற நிலம் தாழும். ஜப்பானின் ஒசாகா விரிகுடாவில் 1994இல் திறக்கப்பட்ட கான்சாய் விமான நிலையம் உல்லாசத் தீவு இல்லையென்றாலும், இதைப் புரிந்துகொள்ள அதைவிடத் தெளிவான சான்று இல்லை. அதன் முதல் தீவு, பணி தொடங்கிய நாள்முதல் 10 மீட்டருக்கும் அதிகமாக அமிழ்ந்திருக்கிறது. வேகம் வெகுவாகக் குறைந்தாலும் இன்னும் நிற்கவில்லை. அமிழும் என்பதை முன்பே எதிர்பார்த்த பொறியாளர்கள், முனையக் கட்டடத்தின் தூண்களை நீரியல் தூக்கிகளால் உயர்த்தி, அடியில் இரும்புத் தகடுகளைச் செருகிச் சமன்செய்ய வழி வைத்தார்கள். அந்த நிலையம் தன் அமிழ்வு அளவுகளைப் பொதுமக்கள் பார்க்க வெளியிட்டும் வருகிறது. குடியிருப்புத் தீவுகளும் இவ்வளவு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கேட்பது எந்த வகையிலும் மிகையாகாது.

தீவு முழுவதும் ஒரே அளவில் தாழ்ந்தால்கூட ஓரளவு சமாளிக்கலாம். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தாழும்போதுதான் கழிவுநீர்க் குழாயின் சரிவு மாறுகிறது, இணைப்புகள் விலகுகின்றன, நீச்சல் குளத்தில் விரிசல் விழுகிறது. பூசி மறைத்த விரிசலை வீடு பார்க்க வருபவர் கண்டுபிடிப்பது கடினம்.

நீரோட்டமும் இதே அளவுக்கு முக்கியமானது. பாம் ஜுமேராவைச் சூழ்ந்த 11 கிலோமீட்டர் அலைத்தடுப்பை இடைவெளியின்றி அமைத்தால் உள்ளே நீர் தேங்கிக் கெடும் என்பதால், அதில் இடைவெளிகள் விட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நீர்முகப்பு வேண்டும் என்பதற்காக வாய்க்கால்களைக் குறுக்கி நீட்டும் வரைபடங்கள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது. பாசியும் நாற்றமும் பின்னால் வரும். கரையோரமாக இயல்பாய் நகரும் மணலைத் தீவு மறிப்பதால் ஓரிடத்தில் மணல் குவிய, வேறிடத்தில் கரை அரிக்கப்படுகிறது. வீட்டுக்கு முன்னால் தெரியும் வெண்மணல் பரப்பையும் அவ்வப்போது மணல் கொட்டியே காப்பாற்ற வேண்டியிருக்கும்.

தீவுக்கு வெளியே நேரும் இழப்பு எந்த விலைப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுதோறும் கடலிலிருந்து மட்டும் 400 கோடி முதல் 800 கோடி டன் வரை மணலும் பிற படிவுகளும் அள்ளப்படுகின்றன. அள்ளும் இடத்தில் படுகை உயிர்கள் அழிகின்றன. கொட்டும் இடத்தில் எழும் கலங்கல் ஒளியை மறைத்துப் பவளத்தையும் கடற்புல்லையும் மூச்சுத்திணற வைக்கிறது. மலேசியாவின் ஜோகூரில் ஃபாரெஸ்ட் சிட்டி என்ற செயற்கைத் தீவு நகரம் எழுந்தது மேரம்போங் கடற்புல் பரப்பை ஒட்டித்தான். சிலரின் ஓய்வுக்காக மீனவர்களின் வாழ்வாதாரம் இவ்வாறு சுருங்குவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. நிலப் பற்றாக்குறையால் 1997இல் ஹுல்ஹுமாலே என்ற செயற்கைத் தீவை உருவாக்கத் தொடங்கிய மாலத்தீவின் நிலை வேறு; அங்கே மக்களுக்கு இருக்க இடம் வேண்டியிருந்தது.

ஃபாரெஸ்ட் சிட்டி 7 லட்சம் பேருக்கெனத் திட்டமிடப்பட்டது. குடியேறியவர்கள் அதில் மிகச் சிறு பகுதியே. 2003இல் தொடங்கிய துபாயின் ‘தி வேர்ல்டு’ தீவுக் கூட்டத்தில் சுமார் 300 தீவுகள் உருவாயின. 2008 நிதி நெருக்கடிக்குப் பின் பெரும்பாலானவை வெறும் மணல் திட்டுகளாகவே கிடந்தன. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அலைத்தடுப்பைப் பழுதுபார்த்தாக வேண்டும். ஆயிரம் குடும்பங்கள் பகிர வேண்டிய செலவை நூறு குடும்பங்கள் சுமக்க நேர்ந்தால் என்னாகும் என்பதை வாங்குபவர் கணக்கிட வேண்டும்.

2100க்குள் கடல்மட்டம் ஒரு மீட்டர் வரை உயரக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசி கணித்திருக்கும் நிலையில், அமிழும் தீவுக்கு இழப்பு இருபுறமிருந்தும் வருகிறது. 2018 செப்டம்பரில் ஜெபி சூறாவளியின்போது கான்சாய் ஓடுபாதை நீரில் மூழ்கியது. அதன்பின் கடற்சுவர்களை உயர்த்தினார்கள்.

ஆகவே முன்பணம் கட்டுமுன், அமிழ்வு அளவீட்டு அறிக்கைகளைக் கேளுங்கள். அவை ஒரே ஓர் ஆண்டுக்கானவையாக இல்லாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். கடற்சுவரின் உயரத்தை எந்த அளவு அலையையும் கடல்மட்ட உயர்வையும் கருதி முடிவுசெய்தார்கள் என்று எழுத்தில் பெறுங்கள். அலைத்தடுப்பும் கடற்கரையும் சட்டப்படி யார் பொறுப்பில் இருக்கின்றன, கட்டுமான நிறுவனம் விலகிய பின் பராமரிப்பு நிதி யாரிடம் இருக்கும், ஆண்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டா என்பதை ஒப்பந்தத்தில் தேடுங்கள். வெள்ளச் சேதத்துக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் தயாரா, என்ன நிபந்தனையோடு என்பதையும் தனியே விசாரியுங்கள். அமிழ்வு அறிக்கையைத் தர மறுக்கும் திட்டத்தில் பணம் போட வேண்டாம் என்றே என்னிடம் வருபவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.