ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்

ஜிடிஏ 6 கணினிக்கு வந்துவிட்டது என்று யாராவது லிங்க் அனுப்பினால் நம்பாதீர்கள். ராக்ஸ்டார் நிறுவனம் அந்த கேமை அறிவித்தது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் கருவிகளுக்கும்தான். தேதியும் 2025 என்று தொடங்கி, 2026 மே 26 ஆகி, பிறகு 2026 நவம்பர் 19-க்குத் தள்ளிப்போனது. அந்த அறிவிப்புகள் எதிலும் கணினிப் பதிப்பு பற்றிப் பேச்சே இல்லை. ஆனாலும் 'ஜிடிஏ 6 பீட்டா, பிசிக்கு, ஃப்ரீ' என்று வீடியோ போடுகிறார்கள், பையன்களும் டவுன்லோட் செய்கிறார்கள். இரண்டு நாள் கழித்து அப்பாவின் லேப்டாப் சர்வீஸுக்கு வருகிறது.

நான் ஈரோட்டில் கணினி சர்வீஸ் செய்கிறேன். ஒரு காலத்தில் வைரஸ் என்றால் பென்டிரைவ்தான். பிரவுசிங் சென்டரில் செருகி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வரும். இப்போது என் மேஜைக்கு வருபவை பெரும்பாலும் உரிமையாளர் தானே தேடிப் பிடித்து, தடுத்த ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு, தன் கையாலேயே கிளிக் செய்து உள்ளே விட்டவை. ஏதோ ஒரு கேமின் கிராக் (காசு கட்டாமல் ஓடும்படி பூட்டை உடைத்த பதிப்பு), போட்டோஷாப் கிராக், லைசென்ஸ் இல்லாமல் விண்டோஸை ஓடவைக்கும் ஆக்டிவேட்டர், இல்லையென்றால் ரோப்லாக்ஸ் கேமில் ஏமாற்றி ஜெயிக்க ஒரு டூல்.

திருட்டு மென்பொருள் பாவம் என்று பாடம் நடத்த வரவில்லை. போட்டோஷாப்பை விற்கும் அடோபி 2013-ல் சந்தா முறைக்கு மாறியது. முகூர்த்த மாதங்களில் மட்டும் காசு பார்க்கும் ஸ்டுடியோக்காரர் ஆடியிலும் மார்கழியிலும் சேர்த்துச் சந்தா கட்ட வேண்டும் என்றால் எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. என் கேள்வி வேறு. முகம் தெரியாத ஒருவர் இராப்பகலாக உட்கார்ந்து அந்த மென்பொருளின் பூட்டை உடைத்து, வீடியோ எடுத்து, லிங்க் போட்டு, உங்களுக்குச் சும்மா தருகிறார் என்றால் அவருக்கு இதில் என்ன வரும்படி?

அந்தப் பொட்டலம் எப்படி வருகிறது என்று பாருங்கள். வீடியோவின் கீழே ஒரு லிங்க். அதில் ஒரு ஜிப் கோப்பு, அதற்கு ஒரு பாஸ்வேர்டு, பெரும்பாலும் 1234 மாதிரி. ஊருக்கே சொல்லிவிட்ட பாஸ்வேர்டு எதற்கு? பூட்டிய ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று பிரவுசரோ ஆன்டிவைரஸோ எட்டிப் பார்க்க முடியாது, அதற்குத்தான். உள்ளே இருக்கும் செட்டப் சில சமயம் 700 எம்பி இருக்கும். அதில் பாதிக்கு மேல் வெறும் பூஜ்யங்களை அடைத்து ஊதவைத்தது. கோப்பு மிகப் பெரிதாக இருந்தால் பல ஸ்கேனர்கள் சோதிக்காமல் விட்டுவிடும். அப்புறம் கடைசியாக அந்த வாசகம்: 'கிராக் என்பதால் ஆன்டிவைரஸ் தவறாக வைரஸ் என்று காட்டும், டிஃபெண்டரை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.'

இந்த வாசகத்தில் பாதி உண்மை இருப்பதுதான் வினையே. வேறு கெடுதல் எதுவும் செய்யாத கிராக்கையும் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் பிடிக்கும், திருடனைச் சுமந்து வரும் கிராக்கையும் பிடிக்கும். இரண்டுக்கும் வரும் எச்சரிக்கை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று பார்த்த மாத்திரத்தில் என்னாலும் சொல்ல முடியாது. 'எனக்குத் தெரியும், இது நல்ல கிராக்' என்று சொல்லும் கல்லூரி மாணவர்களிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன்.

உள்ளே வருவது பெரும்பாலும் தகவல் திருடும் நிரல். ரெட்லைன், விடார், லும்மா என்று பல பெயர்கள். எழுதியவர்கள் ஒரு கூட்டம், வாடகைக்கு எடுத்துப் பரப்புபவர்கள் வேறு. 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீசும் அமெரிக்காவின் எஃப்பிஐயும் சேர்ந்து ரெட்லைனின் சர்வர்களை முடக்கினார்கள். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அமெரிக்க நீதித்துறையும் லும்மாவின் இணைய முகவரிகளைக் கைப்பற்றினார்கள். அந்த வருடம் மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் 3,94,000-க்கும் அதிகமான விண்டோஸ் கணினிகளில் லும்மாவைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. இவ்வளவும் நடந்து சில வாரங்களிலேயே அது மறுபடி தலைகாட்டியது.

இந்தத் திருடன் ஸ்கிரீனில் எதையும் காட்டாது. கணினி ஸ்லோ ஆகாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கிகள், டிஸ்கார்டு, ஸ்டீம் லாகின், டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஆதார் ஸ்கேன் எல்லாவற்றையும் சில நொடிகளில் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, பல சமயம் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். அப்புறம் நான் ஸ்கேன் செய்தால் 'ஒன்றும் இல்லை' என்று வரும். உண்மைதான், வந்த வேலை முடிந்து போய்விட்டது.

"எனக்கு ஓடிபி வருமே, பாஸ்வேர்டு தெரிந்தால் என்ன?" என்று கேட்காதவர் கிடையாது. பொருட்காட்சியில் டிக்கெட்டைக் கிழித்து உள்ளே விட்டதும் கையில் ஒரு சீல் குத்துவார்கள். வெளியே போய்த் திரும்பினால் சீலைக் காட்டினால் போதும், டிக்கெட் கேட்க மாட்டார்கள். குக்கி அந்த சீல். நீங்கள் ஓடிபி எல்லாம் கொடுத்து ஜிமெயிலுக்குள் போன பிறகு, தினமும் கேட்டுத் தொல்லை பண்ணக் கூடாது என்பதற்காக உங்கள் பிரவுசரில் குக்கியாக ஓர் அடையாளத்தை வைத்துவிடுகிறார்கள். அதைத் திருடியவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் வராது. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனல் பறிபோனது இப்படித்தான். நாள் முழுக்கக் கணினியைப் பற்றியே பேசுகிறவர்கள் அவர்கள். விளம்பர ஒப்பந்தம் என்று வந்த கோப்பை ஊழியர் ஒருவர் திறந்தார், லாகின் அடையாளம் போய்விட்டது.

இன்னொரு வகை சத்தம் போட்டு வரும். பக்கத்து ஊர் ஸ்டுடியோக்காரர் ஒருவர் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஃபோட்டோ எதுவுமே ஓப்பன் ஆகலீங்க தம்பி" என்றார். திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஜேபிஜிக்குப் பின்னால் அர்த்தமில்லாத நான்கு எழுத்து வால். ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஒரு நோட்பேட் கோப்பு: 980 டாலர் கட்டினால் திறந்து தருகிறோம், 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி, 490 டாலர். ஸ்டாப், டிஜேவியு என்று அழைக்கப்படும் ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல். கிராக்குகள் வழியாகவே உலகம் முழுக்கப் பரவியது.

"அண்ணா, அன்னைக்கு என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். கரிஸ்மா ஆல்பம் வேலைக்காக உதவியாளர் ஒரு பிளகின் (மென்பொருளோடு கூடுதலாகச் சேர்ப்பது) கிராக் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஓட ஆரம்பித்ததாம். "அப்டேட்டை நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொல்வீங்க, அதான் அப்படியே விட்டுட்டு சாப்பிடப் போயிட்டேன்." அந்த அப்டேட் திரையே போலி. பின்னணியில் கோப்புகளைப் பூட்டிக்கொண்டிருந்தது. கணினி ஏன் இப்படி உறுமுகிறது என்று சந்தேகம் வராமல் இருக்க அந்தத் திரையைக் காட்டும். பேக்கப் என்று வைத்திருந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கும் செருகியபடியே இருந்ததால் அதையும் பூட்டிவிட்டது. உதவி தேடி இணையத்துக்குப் போனால் பல பாதுகாப்புத் தளங்கள் திறக்கவில்லை. எந்தத் தளத்துக்கு எங்கே போவது என்று விண்டோஸ் பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அவற்றையும் அடைத்துவைத்திருந்தது.

இந்த வகையில் நம்பிக்கை இருக்கிறதா என்று பார்க்க ஓர் அடையாளம் உண்டு. அந்த ரீட்மீயில் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட அடையாளக் குறியீடு இருக்கும். அது 't1' (டி1) என்று முடிந்தால், இணையத் தொடர்பு கிடைக்காதபோது பயன்படுத்தும் பொதுச் சாவியால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சாவி எப்போதாவது வெளியில் கிடைத்தால் பாதுகாப்பு நிறுவனமான எம்சிசாஃப்டின் இலவச டூல் திறந்துவிடும். இவருடையது அப்படி முடியவில்லை.

ஆனால் இந்த ரேன்சம்வேர் அவசரக்காரன். பெரிய கோப்புகளில் முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். கல்யாண வீடியோ ஒன்று பல ஜிபி இருக்கும். அதன் தலைப்பகுதி மட்டும்தான் கெட்டிருக்கிறது. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து, ரிப்பேர் டூலால் பெரும்பாலான வீடியோக்களை எடுத்துவிட்டோம். போட்டோக்கள்தான் சிக்கல். சிறிய ஜேபிஜிக்கு முதல் 150 கேபி போனால் மிச்சம் என்ன இருக்கும்? கேமராவின் மெமரி கார்டைக் கேட்டேன். ஒரு கல்யாணத்தின் கார்டு ஃபார்மட் ஆகியிருந்தாலும் அதற்கு மேல் எதுவும் எடுக்காமல் இருந்தது, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளில் படங்கள் வந்தன. இன்னொரு கார்டில் அதற்குள் ஒரு காதுகுத்தையே எடுத்து முடித்திருந்தார்கள். அந்தக் கல்யாண வீட்டாரிடம் அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

கேம் ஆடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. காசு கொடுத்து முறையான இடத்தில் வாங்குகிறேன் என்பது பெரிய பாதுகாப்பு, ஆனால் முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. 2023 ஜூனில் மைன்கிராஃப்ட் மோடுகள் (கேமில் கூடுதலாகச் சேர்ப்பவை) கிடைக்கும் கர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலேயே சிலருடைய கணக்குகளைப் பிடித்து, பிரபலமான மோட் தொகுப்புகளில் ஃப்ராக்சரைசர் என்ற திருட்டு நிரலைக் கலந்துவிட்டார்கள். 2025 பிப்ரவரியில் கேம் விற்கும் தளமான ஸ்டீமிலேயே பைரேட்ஃபை என்ற இலவச கேமில் திருட்டு நிரல் இருந்து, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அதை நீக்கியது. டவுன்லோட் செய்தவர்கள் விண்டோஸையே புதிதாகப் போட்டுக்கொள்வது நல்லது என்றும் எச்சரித்தது. வெளிவந்து சில நாட்களே ஆன, யாரும் கேள்விப்படாத கேம் என்றால் கொஞ்சம் பொறுங்கள். அவ்வளவுதான்.

புதிதாக ஒரு தந்திரம் வேறு. ஏதோ ஒரு தளத்தில் 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று வரும். விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்துங்கள், கண்ட்ரோல் வி அழுத்துங்கள், என்டர் தட்டுங்கள் என்று சொல்லும். எந்த உண்மையான சோதனையும் அப்படிக் கேட்காது. அந்தப் பக்கம் நீங்கள் அறியாமல் ஒரு கட்டளையை காப்பி செய்து வைத்திருக்கிறது. நீங்களே அதை ஓடவிடுகிறீர்கள்.

ஏற்கெனவே கிளிக் செய்துவிட்டீர்கள் என்றால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். அந்தக் கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதியதும் அங்கேயே போகும். போனிலிருந்து முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைக் கொடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இதை விடுபவர்கள்தான் அதிகம், பழைய குக்கி சில தளங்களில் உயிரோடு இருக்கும். வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்களையும் நீக்குங்கள். பிறகு வங்கி, மற்றவை. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். தகவல் திருடும் வகை என்றால் விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும். கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால் நேர்மாறு: ஃபார்மட் போடாதீர்கள், டிஸ்கைக் கழற்றி வையுங்கள். கூகுள் டிரைவில் பூட்டிய கோப்புகள் சிங்க் ஆகியிருந்தாலும் பயப்பட வேண்டாம், பழைய பதிப்புகளை 30 நாள் வரை வைத்திருக்கும். அந்த 30 நாளுக்குள் போய் மீட்க வேண்டும்.

கிராக் இல்லாமல் எப்படிப் பிழைப்பது என்பதற்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஆல்பம் டெம்ப்ளேட்களைத் திறக்க பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபியா பரவாயில்லை. வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு நன்றாகவே இருக்கிறது, ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும். கடிதம், கணக்குக்கு லிப்ரே ஆஃபிஸ் போதும். ஃபிளக்ஸ் அடிப்பவர்களிடம் கோரல்டிராவுக்குப் பதில் இங்க்ஸ்கேப் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். பிரஸ்ஸில் கேட்பது கோரல் கோப்பு, அதனால் அவர்கள் சிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது.

விண்டோஸ் விஷயத்தில் மட்டும் சாக்கே கிடையாது. இங்கே கடையில் விண்டோஸோடு வாங்கும் லேப்டாப்களில் பெரும்பாலும் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்பு இருக்கும், அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பைத் திரும்பப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும், ஒரு பைசா செலவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் பலர் கையில் இருக்கும் பென்டிரைவில் உள்ள 'ப்ரோ' பதிப்பைப் போட்டுவிட்டு, அது ஆக்டிவேட் ஆகாததால் ஒரு ஆக்டிவேட்டரை ஓடவிட்டு, அதற்காக டிஃபெண்டரையும் அணைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் உள்ளேயே தூங்குகிறது. சாவியே இல்லாத அசெம்பிள் செய்த கணினியாக இருந்தாலும், 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற மங்கல் எழுத்து மூலையில் தெரிவதும் செட்டிங்ஸில் வால்பேப்பர் மாற்ற முடியாததும்தான் பெரும்பாலும் தொல்லை. பாதுகாப்பு அப்டேட்கள் அப்போதும் வரும்.

அதனால் லேப்டாப்பை சர்வீஸிலிருந்து வாங்கும்போது எந்தப் பதிப்பு போட்டீர்கள், எப்படி ஆக்டிவேட் செய்தீர்கள் என்று கேளுங்கள். கடையிலேயே விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து டிஃபெண்டர் ஆன் ஆகியிருக்கிறதா, சோதிக்காமல் விடச் சொல்லும் 'எக்ஸ்க்ளூஷன்' பட்டியலில் ஏதாவது ஃபோல்டர் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.