நேரா வந்தா தெரியாது, குறுக்க போனா கத்தும்

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மாசாமாசம் பணம் கட்டுற கண்காணிப்பு சர்வீஸ் எதுவும் வேணாம்னு நானே வீட்டுக்கு அலாரம் போட்டுட்டேன் சார். கதவு சென்சார், சைரன் எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுது, ஹால்ல மாட்டின மோஷன் சென்சார் மட்டும் படுத்துது. அதைப் பார்த்து நேரா நடந்து போனா கிட்டப் போற வரைக்கும் கண்டுக்கவே மாட்டேங்குது, குறுக்க நடந்தா அந்தக் கோடியிலயே பிடிச்சிடுது. பீஸ் டுபாக்கூரா?"

இல்லைங்க, பீஸ் நல்ல பீஸ்தான், அது அப்படித்தான் நடந்துக்கும். ஏன்னு சொல்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச சமாச்சாரம் இது.

கதவு சென்சாரை ரெண்டு வரில முடிச்சிடலாம். கதவுல ஒரு காந்தம், நிலைல ஒரு குட்டி கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள ரெண்டு மெல்லிசான இரும்புத் தகடு. காந்தம் பக்கத்துல இருக்கிற வரைக்கும் தகடுங்க ஒட்டிக்கும், கரண்ட் ஓடும், கதவைத் திறந்தா பிரிஞ்சிடும். பெல் ஆய்வகத்துல 1930கள்ல எல்வுட்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச ரீட் சுவிட்ச் இது, இன்னைக்கும் பெருசா மாறல, மாற வேண்டிய அவசியமும் இல்ல.

மோஷன் சென்சார் கதையே வேற. பிஐஆர்னு சொல்றாங்களே, அதுல ஐஆர்-னா அகச்சிவப்பு, பி-ன்னா பாசிவ், அதாவது அது எதையும் அனுப்பாது, சும்மா உக்காந்து வாங்கிக்கும். நம்ம தோல் கிட்டத்தட்ட 33 டிகிரில இருக்கு, அந்தச் சூட்டுல இருக்கிற எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வீசும், அதோட உச்சம் 9.5 மைக்ரோமீட்டர் அலைநீளம் பக்கத்துல வரும் (வீன் விதி, ஸ்கூல்ல படிச்சதுதான்). நாம எல்லாருமே இருட்டுல மின்னிக்கிட்டேதான் இருக்கோம், நம்ம கண்ணுக்குத்தான் அது தெரியல.

அந்த மினுக்கத்தைப் பார்க்கிறது ஒரு படிகம். சில படிகங்கள்ல பிளஸ் ஒரு பக்கம் மைனஸ் ஒரு பக்கம்னு உள்ளுக்குள்ளயே கொஞ்சம் சாஞ்சு கிடக்கும், சூடு மாறினா அந்தச் சாய்வு மாறும், உடனே மேல்பரப்புல மின்னூட்டம் எட்டிப் பார்க்கும். ஆனா சூடு அப்படியே நின்னுடுச்சுன்னா மின்னூட்டம் கசிஞ்சு ஒண்ணுமில்லாம போயிடும். அதனால இந்தச் சென்சாருக்குத் தெரியுறது சூடு இல்ல, சூட்டோட மாற்றம். சோபால ஆடாம அசையாம உக்காந்திருந்தீங்கன்னா கொஞ்ச நேரத்துல அதைப் பொறுத்தவரை நீங்களும் ஒரு சோபாதான்.

சரி, வெயில் ஏறினா ரூமே சூடாகுமே, அப்பவும் கத்தணுமேன்னு கேப்பீங்க. இங்கதான் அந்த அழகான வேலை இருக்கு. உள்ள படிகம் ஒண்ணு இல்ல, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு, எதிரெதிரா இணைச்சிருப்பாங்க, ஒண்ணு பிளஸ் சொன்னா இன்னொண்ணு மைனஸ் சொல்லும். ரூம் மொத்தமா சூடானா ரெண்டும் ஒரே நேரத்துல உணரும், கூட்டினா பூஜ்யம், வாயே திறக்காது. ஒரு ஆள் குறுக்க நடந்தா முதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு, மேல ஒரு மேடு கீழ ஒரு பள்ளம்னு சிக்னல் வரும்.

முன்னாடி இருக்கிற அந்த பால் நிற பிளாஸ்டிக் மூடி இருக்கே, அது மூடி இல்லைங்க, லென்ஸ். கண்ணாடி இந்த அலைநீளத்தை விடாது, பாலிஎத்திலீன் விடும், அதான் பிளாஸ்டிக். உத்துப் பார்த்தா சின்னச் சின்ன கட்டமா தெரியும், ஒவ்வொண்ணும் ஒரு ஃப்ரெனெல் லென்ஸ், 1820கள்ல கலங்கரை விளக்குக்காக ஃப்ரெனெல் யோசிச்ச அதே ஐடியா. ஒவ்வொரு கட்டமும் ரூமுக்குள்ள தன் பார்வையை ஒரு விரல் மாதிரி நீட்டுது, ஒவ்வொரு விரலும் பிளஸ் மைனஸ்னு ரெண்டா பிளந்திருக்கு. நீங்க குறுக்க நடந்தா விரல் விரலா தாண்டிப் போறீங்க, பிளஸ் மைனஸ் பிளஸ் மைனஸ்னு சிக்னல் துள்ளுது. நேரா வந்தா கிட்டத்தட்ட ஒரே விரலுக்குள்ளயே நடந்து வர்றீங்க, மாற்றம் ரொம்பக் கம்மி, சென்சார் என்னத்தைச் சொல்லும் பாவம்.

சூட்டுக்கு மின்சாரம் காட்டுற இந்தக் குணத்தை ஐரோப்பாக்காரங்க கவனிச்ச கதையும் சுவாரசியம். 1700கள்ல டச்சு வியாபாரிங்க இலங்கையில இருந்து டூர்மலைன் கல்லு கொண்டு போனாங்க, அந்தப் பேரே சிங்களச் சொல்லுல இருந்து வந்ததுதான். சூடாக்கினா சாம்பலை இழுக்குதுன்னு, புகையிலை பிடிக்கிற பைப்பைச் சுத்தம் பண்ண வச்சிருந்தாங்க. 1824ல டேவிட் ப்ரூஸ்டர்னு ஒரு ஸ்காட்லாந்து விஞ்ஞானி இதுக்கு பைரோஎலக்ட்ரிசிட்டின்னு பேர் வச்சார். அப்ப யாராவது "இதனால நாட்டுக்கு என்ன பிரயோஜனம்"னு கேட்டு நிதியை வெட்டியிருந்தா? இப்பவும் கேக்குறாங்க, வெட்டவும் செய்யறாங்க. இன்னொரு கூத்து, அதே டூர்மலைனைக் கைல கட்டினா நல்ல சக்தி வரும்னு விக்கிறாங்க. சக்தி வருது ஐயா, சூடு மாறும்போது துளியூண்டு மின்னூட்டமா வருது, வேற ஒண்ணும் இல்ல.

இப்ப உங்க ஹாலுக்கு வருவோம். கதவுக்கு நேர் எதிர்ல மாட்டியிருப்பீங்க, பாக்கறதுக்கு அதுதான் நியாயமா தோணும், நானும் முதல்ல அதான் பண்ணேன். கழட்டிட்டு பக்கவாட்டு மூலைல, 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல மாட்டுங்க, உள்ள வர்றவன் குறுக்க போற மாதிரி. வெயில் விழுற தரையையும் ஏசி காத்தையும் பாக்க விடாதீங்க. ரூம் சூடே 33, 34னு ஏறிட்டா மனுஷனுக்கும் சுவத்துக்கும் வித்தியாசம் கம்மியாகி சென்சார் மந்தமாயிடும், கோடை மத்தியானத்துல என்னோடது என்னையே விட்டுடுச்சு. அதனால இது ஒண்ணை மட்டும் நம்பாதீங்க, கதவு சென்சாரும் கூட இருக்கட்டும்.

காசு கட்டாம இருக்கிறதுல நிஜமான சிக்கல் சென்சார்ல இல்ல, அலாரம் அடிச்சா யார் பாக்கறதுங்கிறதுலதான். சர்வீஸ்காரங்க விக்கிறது முழிச்சிருக்கிற ஒரு ஆளை. நீங்க விமானத்துல போனை அணைச்சு வச்சிருக்கும்போது அந்த ஆள் வேணும், அதனால அலர்ட் பக்கத்து வீட்டுக்காரர் உட்பட ரெண்டு மூணு பேர் போனுக்குப் போகணும். ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி இலவச மென்பொருள் இதை நல்லாவே செய்யும்.

அப்புறம் ஒரு பழைய பாடம். 1853ல அகஸ்டஸ் போப் காப்புரிமை வாங்கின மின்சார அலாரத்துல கதவு திறந்தா சர்க்யூட் சேரும், மணி அடிக்கும். அப்படின்னா ஒயரை வெட்டிட்டா மணியே அடிக்காதே! அதான் பின்னாடி வந்தவங்க திருப்பிப் போட்டாங்க: கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னா அலாரம். ரீட் சுவிட்ச் நான் மேல சொன்ன மாதிரி வேலை செய்றதும் இதனாலதான். இதையே இன்டர்நெட்டுக்கும் பண்ணலாம். வீட்டுக் கருவி 5 நிமிஷத்துக்கு ஒருதரம் "இருக்கேன்"னு வெளிய இருக்கிற ஒரு சர்வருக்குச் சொல்லட்டும், ரெண்டு தடவை சத்தம் வரலைன்னா சர்வர் உங்களுக்கு மெசேஜ் போடட்டும். ரவுட்டருக்கும் பேட்டரி வைங்க, இல்லாட்டி ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் பதறிக்கிட்டே இருப்பீங்க.

எல்லாம் மாட்டினதும் சைரன் ஒயரைக் கழட்டிட்டு, சென்சார்ல இருக்கிற குட்டி விளக்கைப் பாத்துக்கிட்டே, வீட்ல யாரையாவது திருடன் மாதிரி எல்லா பக்கத்துல இருந்தும் நடந்து வரச் சொல்லுங்க. பசங்க இருந்தா ரொம்ப சந்தோஷமா செய்வாங்க, தவழ்ந்துகூட வந்து காட்டுவாங்க.