கிரேக்க அண்டாவில் உள்ளூர்த் தேன்

ஐரோப்பாவில் வாழ்ந்த பழங்காலச் செல்ட் இனத்தாரின் கல்லறையில் கிடைத்த அண்டாவில் தேன்மது இருந்ததாக எழுதியிருந்தேன். "2,500 வருஷம் ஆன பிறகு அது எப்படித் தெரியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி.

இடம், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குப் பக்கத்திலுள்ள ஹோக்டார்ஃப். கி.மு. 530 வாக்கில் அங்கே ஒரு தலைவனைப் புதைத்தார்கள். வயது சுமார் 40, உயரம் 187 செ.மீ. 1978-79இல் தொல்லியலாளர் யோர்க் பீல் தலைமையில் தோண்டியபோது, கொள்ளையர் கைபடாத அறை அப்படியே கிடைத்தது. பொன்தகடு பதித்த காலணி, நான்கு சக்கர வண்டி, ஒன்பது பேருக்கான தட்டுகள், ஒன்பது குடிகொம்புகள். கால்மாட்டில் 500 லிட்டர் கொள்ளும் வெண்கல அண்டா. கிரேக்கர் செய்தது, ஆல்ப்ஸைத் தாண்டி வடக்கே வந்தது. விளிம்பில் மூன்று சிங்கங்கள். அதில் ஒன்று மட்டும் சாயலில் வேறுபடுகிறது, உள்ளூர்க்காரர் வார்த்துப் பொருத்தியது.

சரி, அண்டாவின் உள்ளே? மது வற்றிப்போய், அடியில் பழுப்பு நிறக் கசடுதான் மிச்சம். அதில்தான் விஷயமே இருக்கிறது: கசடில் கலந்திருந்த மகரந்தத் தூள். மகரந்தத் தூளின் மேலோடு ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. அமிலத்தில் போட்டால் மற்றதெல்லாம் கரையும், இந்த ஓடு மட்டும் கரையாது. இன்னும் அழகு, அதன் மேலுள்ள வேலைப்பாடு: ஒன்றில் முள், ஒன்றில் வலைப்பின்னல், ஒன்றில் மூன்று பள்ளம். நுண்ணோக்கியில் பார்த்தே இன்ன செடி என்று சொல்லிவிடலாம். தாவரவியலாளர் உடெல்கார்ட் கோர்பர்-க்ரோனே அப்படி உட்கார்ந்து எண்ணினார். ஏறத்தாழ 60 வகைச் செடிகள்! பழச்சாற்றில் இத்தனை பூ சேராது. புல்வெளி, வயலோரம், காடு என்று அலைந்து இதையெல்லாம் ஓரிடத்தில் சேர்ப்பது தேனீதான்.

அப்படியானால் பாத்திரம்தான் வெளிநாடு. பானம் அந்த ஊர்ப் பூக்களுடையது. கிரேக்கப் பாத்திரத்தைக் கண்டாலே கிரேக்கத் திராட்சை மது என்று முடிவுகட்டுவது எவ்வளவு தவறு!

அதனால்தான் சொல்கிறேன்: அகழாய்வில் கிடைக்கும் பாத்திரத்தை உடனே கழுவி, பளபளவென்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கூடாது. அடியில் ஒட்டியிருப்பதுதான் ஆவணம். தோண்டுவதற்குப் பணம் ஒதுக்கும்போதே ஆய்வகச் செலவையும் சேர்த்து ஒதுக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. அந்தக் கசடோடு அண்டாவுக்குள் ஒரு சின்னப் பொற்கிண்ணமும் கிடந்தது, தேன்மதுவை மொண்டு ஊற்றுவதற்காக.