பிளஸ் டூவில் 90, முதல் இன்டர்னலில் ஃபெயில்

பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குக் கணக்கு எடுக்கிறேன். போன வருடம் முதல் இன்டர்னல் பேப்பர் கொடுத்த அன்று இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். குளச்சல் பக்கத்துப் பெண், தக்கலை பக்கத்துப் பையன். இருவருமே பிளஸ் டூ கணக்கில் 90க்கு மேல். இருவருமே இங்கே ஃபெயில்.

பேப்பர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அணிகள் பாடத்தில் வரும் கெய்லி-ஹாமில்டன் தேற்றக் கணக்கு வரி பிசகாமல் இருந்தது. கால்குலஸ் (நுண்கணிதம்) வந்ததும் இருவருக்கும் கை நின்றுவிட்டது. ‘எக்ஸ் சைன் எக்ஸ்’ஸை வகையிடச் சொன்னேன். இருவரும் ‘காஸ் எக்ஸ்’ என்று எழுதி நிறுத்தினார்கள். பெருக்கலாக வருவதை வகையிடும் விதி தெரியவில்லை. அது பிளஸ் ஒன் பாடம்.

தவறு ஒன்றுதான். ஆனால் பையன், “பிளஸ் ஒன்ல இத ஒழுங்கா நடத்தல மேடம்” என்றான். அவளோ, “எனக்குக் கணக்கு வராது மேடம், வீட்ல அப்பவே சொன்னாங்க” என்றாள்.

பையன் சொன்னதுதான் சரி. பிளஸ் ஒன் பாடத்தை ஓட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவையே உருப்போட வைத்த பள்ளிகள் பல. அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அது இல்லை. இனி பெற்றோர்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அவள் சொன்னது சரியில்லை. அமெரிக்க சமூகவியலாளர் லூசி செல்ஸ், பெர்க்லி பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களைப் பற்றி 1973இல் எழுதினார். பள்ளியில் நான்கு வருடக் கணக்கை முடித்து வந்தவர்கள் ஆண்களில் 57 சதவீதம், பெண்களில் 8 சதவீதம். அந்த அடிப்படை இல்லாதவர்களுக்கு அங்கே பெரும்பாலான துறைகளின் கதவு முதல் நாளே மூடிவிட்டது. பிறகு பெண்களும் அதே அளவு கணக்கு படிக்கத் தொடங்கினார்கள். 2008இல் உளவியலாளர் ஜேனட் ஹைட் குழுவினர் அங்கே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களைப் பார்த்தபோது, ஆண் பெண் வித்தியாசம் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தது.

நம் கன்னியாகுமரி மாவட்டம் படிப்பறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம். ஆனாலும் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், “பொம்பளப் பிள்ளதானே, கணக்கு எதுக்கு, பியூர் சயின்ஸ் எடுத்து நர்சிங் போட்டும்” என்று இன்னும் கேட்கிறேன். நர்சிங் நல்ல படிப்பு. விரும்பிப் போகட்டும். கணக்குக்குப் பயந்து போக வேண்டாம். பொறியியல் கட்-ஆஃப் 200இல் பாதி கணக்குதான்.

கல்லூரிக்கு வந்தபிறகும் ஒரு சிக்கல் உண்டு. ஹாஸ்டல் பையன் ராத்திரி சீனியரிடம் சந்தேகம் கேட்பான். வீட்டிலிருந்து வரும் பெண் நாலரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். என் ஸ்பெஷல் கிளாஸ் அப்போதுதான் தொடங்கும். பல வருடம் இது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது மதிய இடைவேளைக்கு மாற்றிவிட்டேன்.

கவுன்சிலிங் முடிந்து வகுப்பு தொடங்கச் சில வாரம் கிடைக்கும். பிளஸ் ஒன் கணக்கு இரண்டாம் தொகுதியில் 9, 10, 11ஆம் பாடங்கள்: எல்லை, வகையீடு, தொகையீடு. இந்த மூன்றையும் புக் பேக் விடையைப் பார்க்காமல், பேனா பிடித்துப் போட்டுப் பாருங்கள்.

குளச்சல் பெண்ணிடம் அன்று, “மக்களே, உனக்குப் போனது கணக்கில்ல, ஒரு பாடம்” என்று சொல்லி அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன். அடுத்த நாள் மதியம் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தாள்.